மெட்ராஸுக்கு நாலு நாள்

இலங்கையில், மாத்தளைப் பெரிய வீதியில் மேல்மாடி வைத்த கடைகளில் ஏழு, என் கையால் எழும்பியவை. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். ஒன்றிலும் முடி நுழையும் அளவுக்குக்கூட விரிசல் கிடையாது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு எழும்பி வந்து, பதினோரு வயதில் மண் சுமந்தவன் நான். இருபத்தைந்து வயதில் பாஸ் ஆனேன். கட்டிட வேலையை எடுத்து நடத்துகிறவனை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள். யாரும் என் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

கூச்சப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. குடும்பத்தோடு ஆறு பேர் நாலு நாள் மெட்ராஸ் பார்த்துவிட்டு வர நான் பிளான் போட்டேன். ஆறு பேரில் ஒருத்திதான் போனாள். அவள் திரும்பி வரவில்லை.

அந்த யோசனையை என் தலைக்குள் போட்டவர், நான் கட்டிய கடைகளில் மூன்றாவதின் சொந்தக்காரர். மாத்தளையில் தலைமுறை தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். பெண்டாட்டி பிள்ளைகளோடு மெட்ராஸ் போய்வந்து, கடையில் உட்கார்ந்து ஒரு மாதம் அதையே பேசினார். அங்கே மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடிக் கட்டிடம் இருக்கிறதாம். பெட்டி மாதிரி ஒன்றுக்குள் ஏறி நின்றால் அது ஆளை மேலே தூக்கிக்கொண்டு போகுமாம்.

"ஒங்கட ஏழு கடையயும் ஒண்டு மேல ஒண்டு அடுக்கி வெச்சாத்தான் பாஸ், அது வரும்" என்றார், பத்துப் பேர் இருக்கிற இடத்தில்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கணக்குப் பார்த்தேன். ஏழு கடை, கீழும் மேலுமாக இரண்டிரண்டு தட்டு. சரியாகப் பதினாலு. அப்படியானால் அந்த உயரத்தை நான் ஏற்கனவே கட்டி முடித்துவிட்டேன், படுக்க வைத்துக் கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அதை நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும் என்று என் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எதிலும் பிளான் போடாமல் நான் கை வைத்ததில்லை. சிமெந்துப் பையை அறுத்து, உள்பக்கத்துத் தாளைத் துடைத்து, தச்சன் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். எழுத்து வேலை மூத்த மகளுடையது. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. டவுனில் படித்தவள், இங்கிலீஷ் வாசிப்பாள், வீட்டிலிருந்து துணி தைத்துக் கொடுப்பாள். அவள் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எழுதினாள்.

மாத்தளையில் கோச்சி ஏறி, கண்டி போய், மாறி மாறித் தலைமன்னார். கப்பல். இறங்கும் கரையிலிருந்து மறுபடியும் ரயில். அதற்குப் பிறகு மெட்ராஸ், நாலு கட்டம். முதல் நாள் கடற்கரை. அது சின்ன மகளுக்கு. ஒன்பது வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. இரண்டாம் நாள் மிருகக் காட்சிச்சாலை. அது பன்னிரண்டு வயது மகனுக்கு. மூன்றாம் நாள் முழுவதும் பதினாலு மாடி. கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயது. அவனுக்கு அந்தத் தூக்கும் பெட்டி மட்டும் போதும். துணி அலுமாரிக்குள் ஏறி நின்று கதவைச் சாத்திக்கொண்டு, "ஒண்ணாம் மாடி, ரெண்டாம் மாடி" என்று கத்துவான். பதினாலு வந்ததும் வெளியே குதிப்பான். என் மனைவி அலுமாரியைப் பூட்டி வைக்கத் தொடங்கினாள்.

"ஒனக்கு என்னம்மா பாக்கணும்?" என்று மூத்தவளைக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நாலாம் நாள் சாமான் கட்டணுமில்ல, அத எழுதுறேன்" என்றாள். நாலாம் கட்டத்தில் 'மூட்டை கட்டுதல், திரும்பி வருதல்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

அந்தப் பிளானைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் காட்டினேன்.

போவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். அங்கேதான் சிக்கல். துணிக்கடை முதலாளிக்கு அது சிக்கலில்லை, அவர் இந்த நாட்டுப் பிரஜை. எங்களை அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. நாடு சுதந்திரம் ஆன கையோடு தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று ஆகிவிட்டது. பிறகு கேட்டு மனுப் போடலாம் என்றார்கள். நானும் போட்டேன். என் தகப்பனார் இங்கேதான் இருந்தார் என்பதற்கு அத்தாட்சி போதாது என்று மனுத் தள்ளுபடியாகி வந்தது. அந்தக் கடிதம் வந்த அன்று நான் மூன்றாவது கடைக்கு மேல்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கூரை போடுகிறவனைப் பார்த்து நீ இந்த ஊர்தானா என்று கேட்கிறார்கள். அதை நான் மறக்கவில்லை.

பல வருஷம் கழித்து இரண்டு நாடும் ஒப்பந்தம் செய்தன. எங்கள் ஆட்களில் கொஞ்சப் பேர் இந்தியாவுக்கு, கொஞ்சப் பேர் இங்கே. எதற்கு வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். தோட்டங்களில் எல்லாம் இதே பேச்சு. இந்தியாவுக்கு எழுதினால் இந்தியப் பாஸ்போர்ட் கையில் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்தது.

இதை இன்றைக்கு எழுதும்போது சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரிகிறது. ஆனால் என் தொழிலில் எதையும் நான் அப்படித்தான் பார்த்துப் பழகியிருந்தேன். சுவர் எழுப்ப மூங்கில் சாரம் கட்டுகிறோம். வேலை முடிந்ததும் அவிழ்த்துப் போடுகிறோம். பாஸ்போர்ட்டும் அப்படித்தான், ஏறி இறங்க ஒரு சாரம், நாலு நாள் கழித்துப் பெட்டிக்குள் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அத்திவாரத்தைத் தோண்டிப் போடுகிற காரியம் அது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்னார், நான் கேட்கவில்லை.

அவர் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவர், இலங்கையின் வடக்கிலிருந்து வந்த தமிழர், அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். பின்னேரம் வேலை விட்டு வந்ததும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். சுவரில் இருந்த பிளானை ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். நல்லாயிருக்குது என்றார். பிறகு கேட்டார், "பாஸ்போர்ட் எங்க எடுக்கப்போறீர்?"

சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பாஸ், உதில கையெழுத்து வைக்கிறதுக்கு முதல் எனக்கு ஒருக்காக் காட்டும்."

"எதுக்குங்க ஐயா? பாஸ்போர்ட்டுக்குப் போடுற போர்ம்தானே."

"அது பாஸ்போர்ட் கேக்கிற போர்ம் இல்லை. என்னை இந்தியப் பிரஜையாக்கு எண்டு கேக்கிற போர்ம். ஆக்கினால் பாஸ்போர்ட்டும் தருவினம். பிறகு இஞ்ச இருக்க விடமாட்டினம்."

"நான்தான் நாலு நாள்ல வந்துருவேனே."

"நீர் வருவீர். உம்மை விடுறது ஆர்?"

நான் எழுந்து பிளானை ஆணியில் நேராக்கினேன். அவர் விடவில்லை. "இஞ்சத்தப் பிரஜாவுரிமைக்கே இன்னொருக்கா எழுதுவம். நான் எழுதித் தாறன். கொஞ்ச வருஷம் செல்லும். மெட்ராஸ் எங்கயும் ஓடாது."

"ஒரு தடவ எழுதி மூஞ்சில அடி வாங்குனது போதும் ஐயா. இந்த மண்ணு ஒனக்குச் சொந்தமான்னு கேட்டாங்க. இந்த மண்ணச் சொமந்தவன் நான். இன்னொரு தடவ போய் கையேந்தி நிக்க மாட்டேன்."

"கையேந்தச் சொல்லேல்ல. வாசிச்சுப் பாக்கத்தான் சொல்லுறன்."

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்பதை மனைவி பிள்ளைகள் முன்னால் சொல்லிக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். "நீங்க பேப்பர நம்பிப் பொழைக்கிறவங்க. நாங்க கல்லு வெச்சுக் கட்டுறவங்க. எங்களுக்குப் பேப்பர் தொணை வேணாம்" என்றேன். அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கவில்லை.

கண்டிக்குப் போய்ப் போர்ம் வாங்கி வந்தேன். எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒன்று. மூத்தவள் பதினெட்டைத் தாண்டியதால் அவளுக்குத் தனியாக ஒன்று. எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனோம். அங்கே தொங்கிய கோட்டை எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். கடைசிப் பயல் கண்ணை மூடி மூடி மூன்று தடவை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மூத்தவளைத் தனியாக உட்கார வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அதில் அவள் கமராவைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற எங்களைப் பார்க்கிற மாதிரிதான் விழுந்திருந்தது. அது போதும் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தையல் மெஷின் பலகையை மூடி அதன்மேல் வைத்துப் போர்ம் இரண்டையும் மகளே நிரப்பினாள். வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அப்பா, எந்த ஊர்ல போய் இருக்கப் போறீங்கன்னு கேட்டிருக்கு."

"மெட்ராஸ்னு எழுது."

"என்ன தொழில் செய்வீங்கன்னு கேட்டிருக்கு."

"நாலு நாளுக்கு என்னத்த செய்யிறது? மேசன்னு எழுது."

அவள் எழுதவில்லை. "போறதப் பத்தித்தாம்ப்பா எல்லாம் கேட்டிருக்காங்க. வர்றதப் பத்தி இதுல ஒண்ணுமே இல்ல."

"வர்றதுக்கு எதுக்குடி போர்ம்? நம்ம வீட்டுக்கு வர எவன் பேப்பர் கேப்பான்?"

"கிளார்க் ஐயாகிட்ட ஒரு தடவ காட்டிருவோமா?"

நான் ஒரு பார்வை பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்களுடைய போர்மை முழுவதும் நிரப்பி என் பக்கம் தள்ளினாள். தன்னுடையதைத் தொடவில்லை.

"நான் வீட்டுல இருந்துக்கிறேனேப்பா. தைக்கக் குடுத்தது நெறைய கெடக்கு. நீங்க தம்பி தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

மனைவியும் அடுப்படியிலிருந்து சொன்னாள், "அவ வேணாம்னா விடுங்களேன். நாலு நாளுதானே."

"ஆறு பேருன்னு பிளான் போட்டாச்சு. ஒரு தூண உருவிட்டா கட்டிடம் நிக்குமா? சின்னவன் கைய யாரு புடிக்கிறது? நீயா? கண்டி ரோட்டக் கடக்கவே நடுங்குறவ."

மகள் தன் போர்மை நிரப்பினாள். நான் என்னுடையதில் கையெழுத்து வைத்தேன். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது என் கையெழுத்து மட்டும்தான், அதை நன்றாகச் சுழித்துப் போடுவேன். பிறகு அவளுக்குப் பேனாவைக் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைத்தவன் நான். தெரிந்து வைத்தவள் அவள். தகப்பன் சொன்னதற்காக வைத்தாள்.

ஏப்ரல் விடுமுறை போனது, ஒன்றும் வரவில்லை. ஆகஸ்டு போனது. நான் அப்போது மாத்தளைக்குப் பக்கத்து நாலந்தாவில் பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்று எடுத்திருந்தேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். "வந்துருச்சாப்பா?" என்று அவர்கள் என்னைக் கேட்பார்கள், நான் அவர்களைக் கேட்பேன். இரண்டு வருஷம் இப்படியே கழிந்தது. கடைசிப் பயல் அலுமாரிக்குள் நுழைய முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டான். பிளான் சுவரிலேயே பழுத்தது.

பிறகு ஒரு பதிவுத் தபால் வந்தது. மகளின் பெயருக்கு. உள்ளே பாஸ்போர்ட். படத்தில் அவள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒன்று வந்தால் மற்றது பின்னாலேயே வந்துவிடும் என்று கடைவீதி முழுக்கச் சொன்னேன். துணிக்கடையில் போய் முதலாளி முன்னால் விரித்துக் காட்டினேன். பின்னேரம் நேரே கிளார்க் வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டு வருஷம் பேசாத மனிதர்.

"பாத்தீங்களா ஐயா, தந்துட்டாங்க" என்றேன்.

"தரமாட்டினம் எண்டு நான் எப்ப சொன்னனான்?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு முத்திரையில் விரலை வைத்தார். அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தார்.

"இது பிள்ளைக்கு மட்டும். இஞ்ச இருக்கிறதுக்கு ஒரு வருஷம் குடுத்திருக்கினம். அதுக்குள்ள வெளிக்கிடவேணும்."

"போயிட்டு?"

"போறதுதான், பாஸ்."

"அப்ப எங்க அஞ்சு பேருக்கு?"

"அது வாற நேரந்தான் வரும். வராமலும் விடும்."

அவர் பாஸ்போர்ட்டை மூடி என் கையில் தந்தார். மனைவியைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். அன்று அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

அவர் எனக்காக நாலு மனு எழுதினார். ஒவ்வொன்றையும் முதலில் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வைக்கக் கொடுத்தார். தெரியாமல் செய்த பிழை, பெண்பிள்ளை தனி ஆள், தகப்பனுக்கும் பாஸ்போர்ட் வரும்வரைக்கும் விட்டுவையுங்கள் என்று எழுதினோம். பதில் ஒரே மாதிரி வந்தது. அவள் பெரிய ஆள், அவளே கேட்டு, அவளே கையெழுத்து வைத்திருக்கிறாள். அது பொய்யில்லையே. மாத்தளையிலேயே அவளுக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு சம்பந்தமும் அத்தோடு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் இங்கத்தப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட் வந்த பெண் வேண்டாம் என்று நேரில் வந்தே சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அவர்களைத் திட்டினேன். மகள் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

தோட்டத்திலேயே இருந்துவிட்ட என் தம்பிக்கும் குடும்பத்துக்கும் அந்த வருஷம் பாஸ்போர்ட் வந்திருந்தது. அவர்களோடு அனுப்புவது என்று ஆனது. என் மனைவி மூன்று நாளாகப் பெட்டி கட்டினாள். கட்டியதை அவிழ்ப்பாள், மறுபடியும் கட்டுவாள். தையல் மெஷினைக் கொண்டுபோக ஆசைப்பட்டாள் மகள். பாரம் அதிகம் என்று தம்பி தலையை ஆட்டினான். அப்போதுதான் அவள் கண் கலங்கி நான் பார்த்தேன்.

காலைக் கோச்சிக்கு மாத்தளை ஸ்டேஷனில் நின்றோம். அந்தத் தோட்டத்து ஆட்கள் இருபது முப்பது பேர் போகிறார்கள், அவர்களை வழியனுப்ப நூறு பேர். எங்கே பார்த்தாலும் அழுகை. எங்கள் மகள் அழவில்லை. தம்பி தங்கைகளின் தலையைத் தடவினாள். பிறகு என்னிடம் வந்து, "அப்பா, அந்தப் பிளான நான் எடுத்துக்கிட்டேன். செவுத்துல தேடாதீங்க" என்றாள்.

"அது எதுக்கும்மா?"

"சும்மாதாம்ப்பா."

கோச்சி நகர்ந்தது. ஏழு கடை கட்டியவன், காட்டோரம் லக்கலப் பக்கம் யானை இடித்துத் தள்ளிய ஒரு கட்டிடத்தை மறுபடி நிமிர்த்தியவன், அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓடினேன். பிறகு நின்றுவிட்டேன்.

தம்பி குடும்பத்தை நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அவளும் அங்கேதான். முதல் கடிதத்தில் ஒரு காம்பராவில் ஏழு பேர் இருக்கிறோம், குளிர் மாத்தளையைவிட அதிகம், சித்தியோடு கொழுந்து பறிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். சின்ன மகள்தான் வாசித்தாள். என் பிள்ளைகள் யாரும் லயத்து வாசலை மிதிக்கக் கூடாது என்றுதான் நான் அவ்வளவு கல்லையும் மண்ணையும் தூக்கினேன். கடல் தாண்டிப் போய் அவள் லயத்துக்குள் ஏறினாள். அங்கே ஏற்றிவிட்டது நான்தான்.

அவள் எங்களைப் பார்க்க வருவதற்கு விசா வேண்டும். நாங்கள் அவளைப் போய்ப் பார்க்கப் பாஸ்போர்ட் வேண்டும். எங்கள் ஐந்து பேரின் போர்மும் எந்தக் கட்டுக்கு அடியில் கிடக்கிறதோ, இதை எழுதுகிற இன்றைக்குவரை பதில் வரவில்லை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் எங்களிடம் இல்லை.

நாலாவதோ ஐந்தாவதோ வருஷம் ஒரு கடிதம் வந்தது. ஏதோ பேப்பர் விஷயமாகத் தோட்டத்திலிருந்து நாலைந்து பேராக மெட்ராஸுக்குப் போனார்களாம். ஒரு பகல்தான் இருந்தார்களாம். 'வேலை முடிந்ததும் மவுண்ட் ரோட்டுக்கு வழி கேட்டுப் போனேன் அப்பா. உள்ளே விடவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்று கீழேயிருந்து எண்ணினேன். பதினாலு சரியாக இருக்கிறது. நம்ம ஏழு கடையும் வந்துவிட்டது' என்று எழுதியிருந்தாள். என் மனைவி அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். நான் வெளியே போய்விட்டேன்.

துணிக்கடை முதலாளிக்கு வயதாகிவிட்டது. பாஸ்போர்ட்டை அன்றைக்கு அவர் முன்னால் விரித்துக் காட்டியதோடு சரி, பிறகு நடந்த எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. போன மாதம் மேல்தட்டில் ஓடு மாற்றக் கூப்பிட்டிருந்தார். வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டார், "மூத்த மகளக் காணல்லியே பாஸ், எங்க?"

"மெட்ராஸ் பாக்கப் போயிருக்கா, மொதலாளி" என்றேன். "பதினாலு மாடியும் எண்ணிட்டாளாம்."

"மாஷா அல்லாஹ். எப்ப வாற?"

நேர் பார்க்கிற தூக்குக்குண்டை எடுத்துச் சுவரில் பிடித்தேன். அந்தச் சுவருக்கு அது தேவையே இல்லை, நான் கட்டிய சுவர். குண்டு ஆடி நிற்கும்வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை.